காஜியை மூழ்கடித்தது யார்?

கேள்வி: 1971 போரில் பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கியை நம் ஐ.என்.எஸ். ராஜ்புத் குண்டு போட்டு மூழ்கடித்தது ஊரறிந்த விஷயம். அதைப் போய் 'விபத்து' என்று எழுதுகிறீர்களே, கொஞ்சமாவது நாட்டுப்பற்று வேண்டாமா?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: நாட்டுப்பற்றெல்லாம் இருக்கிறது. முதலில் அன்றைக்கு ராஜ்புத் என்ன செய்தது என்று பார்ப்போம்.

டிசம்பர் 3, நள்ளிரவு நெருங்கும் நேரம். விசாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து வெளியே வருகிறது ராஜ்புத். முன்னால் ஓரிடத்தில் தண்ணீர் கலங்குவது தெரிகிறது. நீர்மூழ்கியாக இருக்குமோ என்ற சந்தேகத்தில், கப்பலின் தலைவர் இந்தர் சிங் இரண்டு ஆழ்நீர்க் குண்டுகளை (நீருக்கடியில் வெடிப்பவை) போடச் சொல்கிறார். எதுவும் மிதந்து வரவில்லை; கப்பல் தன் வழியே போய்விட்டது. சில நிமிடம் கழித்துத்தான் ஊரின் ஜன்னல்களெல்லாம் அதிரும்படி கடலில் அந்தப் பெரிய வெடிச்சத்தம். மீனவர்கள் ஓர் உயிர்காப்பு அங்கியைக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் கடற்படைக்கே விஷயம் உறைத்தது. அடித்தவருக்கே தெரியாத அடி!

காஜியின் முன்பகுதி சிதறிக் கிடந்தது. கண்ணிவெடிகளும் டார்பிடோக்களும் (நீருக்கடியில் பாய்ந்து தாக்கும் குண்டுகள்) இருந்த பக்கம் அது. தான் விதைத்த கண்ணியிலேயே காஜி மாட்டிக்கொண்டது என்பது பாகிஸ்தான் சொல்லும் காரணம். இன்னொரு காரணமும் உண்டு: நீர்மூழ்கியின் பேட்டரிகளை மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு கசியும். அதை அவ்வப்போது வெளியேற்றாவிட்டால் ஒரு பொறி போதும். அப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்மவர்களிலும் சிலர் சொல்கிறார்கள். ராஜ்புத்தின் குண்டு அதிர்ந்ததில் உள்ளே இருந்தவை வெடித்திருக்கலாம் என்றும் ஒரு கட்சி உண்டு. இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் என் ஓட்டு விபத்துக்குத்தான். (காஜி பற்றிய நம் ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டதாக 2010-இல் செய்தி வந்தது. அவ்வளவு உறுதியான வெற்றி என்றால் காகிதங்களைப் பத்திரமாக வைத்திருக்க மாட்டோமா?)

சரி, பெருமைப்பட வேறு விஷயமா இல்லை? காஜி கராச்சியிலிருந்து நவம்பர் 14-ஆம் தேதி புறப்பட்டு, இலங்கையைச் சுற்றிக்கொண்டு வந்தது விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி. கொதிகலனில் விரிசல் விழுந்து வேகம் குறைந்திருந்த விக்ராந்தோ அந்தமான் பக்கம் பத்திரமாக ஒளிந்திருந்தது. கிழக்குக் கடற்படையின் தலைவர் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், உலகப் போர்க் காலத்துக் கிழட்டுக் கப்பலான ராஜ்புத்தை விக்ராந்தாக நடிக்க வைத்தார். விசாகப்பட்டினம் சந்தையில் ஒரு பெரும்படைக்கு வேண்டிய கறியும் காய்கறியும் வாங்கப்பட்டன. ஒற்றர்கள் பார்க்கட்டும் என்றுதான். விக்ராந்தின் மாலுமி ஒருவர், உடம்பு மோசமாக இருக்கும் தன் அம்மாவைப் பற்றி விசாரிப்பது போல ஒரு தந்தி, ஒட்டுக் கேட்பவர்களுக்காகவே, சங்கேதம் எதுவும் இல்லாமல் காற்றில் விடப்பட்டது. அந்த அம்மாவுக்காகவே கிருஷ்ணனுக்கு ஒரு சல்யூட் அடிக்கலாம். இல்லாத கப்பலைத் தேடித்தான் காஜி விசாகப்பட்டினத்துக்கு வந்து செத்தது.

இன்னொன்று: விபத்து என்றால் அவமானமா? 1944 அக்டோபரில் அமெரிக்காவின் டாங் நீர்மூழ்கி ஏவிய டார்பிடோ வட்டமடித்துத் திரும்பி வந்து டாங்கையே தாக்கியது. 78 பேர் இறந்தார்கள். அமெரிக்கக் கடற்படை இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. அதன் தலைவர் ஓ'கேனுக்கு நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கமும் கொடுத்தது.

காஜியில் இருந்த 93 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. 2024-இல் நம் கடற்படையின் ஆழ்கடல் மீட்பு வாகனம் அந்தச் சிதைவை மறுபடி கண்டறிந்தது. அதை நம்மவர்கள் தொடவில்லை. இறந்தவர்களுக்கு மரியாதை என்று சொல்லி அப்படியே விட்டுவிட்டார்கள். நாட்டுப்பற்று இருக்கிறதா என்று அவர்களையும் ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.