மலை ரயிலைப் படமெடுக்க எங்கே நிற்பது?

கேள்வி: மலைப்பாதை ரயிலைப் படமெடுக்கச் சென்றிருந்தேன். நேரில் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. படத்திலோ ரயில் கறுத்துப்போய், ஓர் ஓரத்தில் புள்ளியாக விழுந்திருக்கிறது. தொலைவில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும், விலை கூடிய டெலி லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

பதில்: லென்ஸுக்குச் செலவழிக்கும் முன் ரயிலின் கால அட்டவணையையும் வெயில் விழும் திசையையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். சமவெளியில் பொழுது விடிந்ததும் வெளிச்சம் எங்கும் பரவிவிடும். மலையிலோ எதிர்ச்சரிவின் நிழல் விலகும்வரை தண்டவாளம் இருட்டில்தான் கிடக்கும். பின்னணியில் வானமும் மேகமும் பளிச்சென்று இருக்கும்போது, கேமரா அவற்றுக்கு ஏற்பவே ஒளியை அளந்துகொள்வதால் ரயில் கறுத்துவிடுகிறது. ரயில் வருவதற்கு முன்பே, பாதையை ஒட்டி வெயில் விழும் பாறையிலோ மண்மேட்டிலோ ஒளியை அளந்து, எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) மேனுவலில், அதாவது கையால் அமைக்கும் முறையில், நிறுத்திவிடுங்கள். தானியங்கி முறையில் விட்டால், எஞ்சினின் முகவிளக்கு நேரே திரும்பும் கணத்திலும் அது ஏமாந்துபோகும்.

புள்ளியாகத் தெரிவது தூரத்தால் மட்டும் அல்ல. நேர்ப்பாதையை எட்ட நின்று எடுத்தால் எந்த ரயிலும் மெல்லிய கோடாகத்தான் தெரியும். வளைவைத் தேடுங்கள். சுவிட்சர்லாந்தின் லாண்ட்வாசர் பாலம் 65 மீட்டர் உயரம், 136 மீட்டர் நீளம் கொண்டது; அது 100 மீட்டர் ஆரத்தில் வளைந்து, செங்குத்துப் பாறையில் குடைந்த சுரங்கத்துக்குள் நேராக நுழைகிறது. ரயிலின் முகமும் பக்கவாட்டும் பாலத்தின் தூண்களும் ஒரே படத்தில் அமைவதற்கு அந்த வளைவே காரணம். அங்கே ரயில் சிறியதாக இருந்தாலும் கண் அதைத் தேடிக்கொண்டு போகும் என்பதால், அப்படிப்பட்ட இடத்துக்கு டெலி லென்ஸ் வேண்டியதே இல்லை என்பது என் கருத்து.

நீராவி எஞ்சின் என்றால் ஏறும் ரயிலுக்காகக் காத்திருங்கள். ஏற்றத்தில்தான் எஞ்சின் மூச்சுவாங்கிப் புகை கக்கும். காற்று குளிர்ந்தும் ஈரமாகவும் இருந்தால் நீராவி வெண்மேகமாகத் திரண்டு நிற்கும். இறக்கத்தில் பெரும்பாலும் புகையே இராது. நீலகிரியில் மட்டும் ஒரு சங்கதியை நினைவில் வையுங்கள்: கல்லாறு முதல் குன்னூர் வரையிலான பல்சக்கரப் பாதையில் (எஞ்சினின் பல்சக்கரம் நடுவிலுள்ள பல் தண்டவாளத்தைப் பற்றி ஏறும் பாதை) ஏற்றம் 12 அடிக்கு 1 அடி என்ற அளவில் இருப்பதால், எஞ்சின் பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு வருகிறது. மேலே நின்று முகத்தை எடுக்கக் காத்திருப்பவருக்கு முதலில் தெரிவது பெட்டியின் முன்மேடையில் நிற்கும், பிரேக்கை இயக்கும் ஊழியரான பிரேக்ஸ்மேன்தான். அதுவும் நல்ல படமே. ஆனால் எஞ்சின் வேண்டுமென்றால் ரயில் உங்களைக் கடந்து வளையும் இடத்தில் நில்லுங்கள். ரயிலின் வேகம் குறைவு என்பதால் 1/500 நொடி ஷட்டர் வேகம் பெரும்பாலும் போதும். எங்கே நின்றாலும் தண்டவாளத்துக்கும் சுரங்க வாய்க்கும் அருகே போகாதீர்கள். வளைவில் ஓட்டுநர் உங்களைப் பார்ப்பதற்கும் நேரம் இராது.

கேள்வி: ரயிலுக்குள் இருந்தபடியே, வளையும் ரயிலை எடுக்க எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

பதில்: வளைவின் உட்பக்கம். எஞ்சின் முன்னால் இழுத்தால் கடைசிப் பெட்டிகளிலும், பின்னால் தள்ளினால் முதல் பெட்டியிலும் இடம் பிடியுங்கள். பாதை மாறிமாறி வளையும் என்பதால், எந்த வளைவு வேண்டும் என்பதை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்துக்கொள்வது நல்லது. கண்ணாடி மூடியிருந்தால் லென்ஸை அதன்மேல் ஒட்டினாற்போல் வைத்து, கறுப்புத் துணியால் சுற்றிலும் மறைத்தால் உங்கள் சட்டையின் பிரதிபலிப்பு படத்தில் விழாது. திறந்த ஜன்னலாக இருந்தாலும் கையையோ தலையையோ வெளியே நீட்ட வேண்டாம். வெட்டிய பாறைச்சுவர் சில இடங்களில் பெட்டியை உரசுவதுபோல் நெருங்கி வரும்.