செப்டம்பர் தொடக்கத்தில் மூஸ் கூப்பிடுவது: கேட்டதும் சொன்னதும்

கனடாவின் கெபெக்கில் பல வருடம் இருந்து மூஸ் (மான் இனத்திலேயே பெரியது) வேட்டைக்குப் போனவன், இப்போது மொரிஷியஸில் ரோஸ் ஹில்லுக்கே திரும்பிவிட்டேன். மொன்றியாலில் இருக்கும் நம் பிள்ளைகளும் இங்கிருந்து அவர்களோடு போகிறவர்களும் கேட்டதற்கெல்லாம் இங்கே பதில். துப்பாக்கி, தோட்டா பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது என் விஷயம் இல்லை.

கேள்வி: அண்ணா, செப்டம்பர் முதல் பாதியில்தான் லீவு. பெண் மூஸ் மாதிரி நீளமாகக் கத்தினால் ஆண் வருமா?

வரலாம், ஆனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பெண் மூஸ் இணை சேரும் பருவத்துக்கு வருவது பெரும்பாலும் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும்தான். நீங்கள் போகும் நேரத்தில் ஆணுக்குக் கொம்பின் மேல்தோல் உரிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், மரத்தில் உரசிக்கொண்டு பக்கத்தில் வேறு ஆண் யார் இருக்கிறான், நம்மைவிடப் பெரியவனா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் அந்த நேரத்தில் எனக்குப் பிடித்தது உரசல் சத்தம். காய்ந்த மாட்டுத் தோள்பட்டை எலும்பை எடுத்து மரத்திலும் புதரிலும் தேய்த்து, இரண்டு கிளையை ஒடித்து, நடுவில் குட்டையாக ஒரு உறுமல், அப்புறம் சும்மா இருங்கள். பெண் குரல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் மெதுவாக ஒரு தடவை. காற்றில்லாத குளிர்ந்த விடியற்காலையில் அது வெகு தூரம் போகும். வெயில் ஏறினால் மூஸ் நிழலிலோ தண்ணீரிலோ போய் நின்றுவிடும், நீங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் அசையாது.

கேள்வி: அரை மணி நேரம் கூப்பிட்டும் ஒன்றும் வரவில்லை, இடம் மாறினோம். சரிதானே?

இல்லை. அது வந்திருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஒரு சுள்ளிகூட ஒடியாமல் வரும், அதுவும் நேராக வராமல் சுற்றிக்கொண்டு, காற்று உங்களைத் தாண்டி அடிக்கும் பக்கம் போய் மோப்பம் பிடிக்கும். கண் சுமார்தான், மூக்கும் காதும் அபாரம். உங்கள் முதுகுப் பக்கம் காற்று போகிற திசையில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். கூப்பிட்ட இடத்தில் ஒரு மணி நேரமாவது இருங்கள்.

கேள்வி (இங்கே மொரிஷியஸில் ரிவியேர் நுவார் பக்கத்து மாமா ஒருவர்): நம் மானை இப்படிக் கூப்பிட முடியாதா? நாய் விட்டு, மிராடோர் என்கிற உயரமான மேடையில் ஏறி உட்கார்ந்துதானே சுடுகிறோம்.

மாமா, 1639இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த மான் கூட்டமாக வாழ்கிறது. கண்ணுக்கு முன்னால் பெண்கள் மேயும்போது அந்த ஆண் எதற்கு உங்கள் குரலைத் தேடி வரும்? கெபெக் காட்டில் மூஸ் தனியாகத் திரியும். துணை எங்கே என்று தெரிவதே குரலாலும் வாடையாலும்தான்.

மாமா திரும்ப எழுதினார்: “குளிர்காலத்தில் ஆண் மான் கத்துவதை நான் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். பதிலுக்குக் கத்தினால் சண்டைக்கு வரும்.” சண்டைக்கு வரும் என்பது நியாயம்தான், எந்தக் கத்தும் மானுக்கும் பொருந்தும். ஆனால் நாயும் விரட்டுகிற ஆட்களும் காட்டைக் கலக்கும் நாளில் யார் காதில் அது விழும்? அமைதியான விடியலில் எஸ்டேட் சொந்தக்காரரைக் கேட்டுத் தனியாக உட்கார்ந்து பாருங்கள். “சொந்தக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்” என்று மூன்றாவது பதிலும் வந்தது. சரி மாமா, அப்படியானால் பேச்சு முடிந்தது.

கேள்வி: எந்த ஊதுகுழல் வாங்கலாம்?

பர்ச் மரப்பட்டையைச் சுருட்டிய கூம்பு. இல்லாவிட்டால் இரண்டு கை.

கேள்வி: லைசென்ஸ்?

மாகாண அரசின் வேட்டை விதிகளைப் படியுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

கேள்வி: எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிட வேண்டும்?

அடிக்கடி வேண்டாம், ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுச் சும்மா இருங்கள் என்றுதான் மேலே சொன்னேன். இதையே நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். காற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை!

கேள்வி: தம்பி, ஆபத்து உண்டா?

உண்டு அக்கா. கோபமான ஆணைவிட, உங்கள் குரலைக் கேட்டு வரும் இன்னொரு வேட்டைக்காரர்தான் எனக்குப் பயம். ஆரஞ்சுச் சட்டையைக் கழற்ற வேண்டாம். மூஸ் பாய்ந்தால் பெரிய மரத்துக்குப் பின்னால் போங்கள்.

கேள்வி: இறைச்சி கெட்டுப்போகுமா?

செப்டம்பர் சூட்டில் சீக்கிரமே. ஆண் மூஸ் 500 கிலோ வரும், தோலோடு விட்டால் உள்ளே சூடு இறங்காது. உடனே குடலை எடுத்து, தோலை உரித்து, நாலு கூறாக்கி நிழலில் தொங்கவிடுங்கள். தூக்கிவர ஆள் இல்லையென்றால் பாதையிலிருந்து தூரத்தில் நிற்பதைச் சுடவே வேண்டாம்.