மழலைக்கு எந்தப் படப் புத்தகம்? கேள்வி பதில்

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான படப் புத்தகங்களைப் பற்றி இராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கான பதில்கள்.

கேள்வி (பாம்பன்): மகனுக்கு இரண்டு மாதம். இப்போதே புத்தகம் தேவையா?

பதில்: காட்டத் தொடங்கலாம். பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 20 முதல் 30 செ.மீ. தொலைவில் இருப்பதுதான் நன்றாகத் தெரியும். மடியில் கிடத்திப் பாலூட்டும்போது தாயின் முகம் இருக்கும் தொலைவு அது. நிறங்களைப் பிரித்தறியும் திறன் அடுத்த சில மாதங்களில்தான் கூடிவரும் என்பதால், வெள்ளை அட்டையில் கறுப்பு மையால் தடித்த கோட்டில் ஒரு மீனை வரைந்து காட்டினாலே போதும்.

கேள்வி (கீழக்கரை): ஏழு மாத மகள் எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் கடிக்கிறாள். அவளிடமிருந்து வாங்கி எடுத்து வைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அந்த வயதில் எதையும் வாயில் வைத்துத்தான் குழந்தை அறிந்துகொள்கிறது. முனை மழுங்கிய கெட்டி அட்டைப் புத்தகமோ துணிப் புத்தகமோ கொடுங்கள். துணியென்றால் துவைத்து வெயிலில் காயப்போடலாம், நம் ஊர் ஈரக்காற்றில் அது பெரிய வசதி. கம்பிப் பின் அடித்தவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பொத்தானை அழுத்தினால் பாடும் புத்தகங்களில் சிறு வட்ட பேட்டரி இருக்கும். அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும் என்பதால், அதன் மூடி திருகாணியால் இறுக்கப்படாத புத்தகத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம்.

கேள்வி (தங்கச்சிமடம்): ஒன்றரை வயதுப் பேரனுக்குக் கடையில் பக்கத்துக்கு இருபது படம் உள்ள புத்தகம்தான் கிடைக்கிறது. அது போதாதா?

பதில்: போதாது என்றே சொல்வேன். எலியும் யானையும் ஒரே அளவில் நெருக்கியடித்து நிற்கும் பக்கத்தில், நீங்கள் எதைச் சுட்டுகிறீர்கள் என்பதே குழந்தைக்கு விளங்காது. பக்கத்துக்கு ஒரு பொருள், அல்லது ஒருவர் ஒரு வேலையைச் செய்யும் காட்சி என்று இருக்கும் புத்தகமாகத் தேடுங்கள். பேரன் விரலை வைத்து "வள்ளம்" என்றால், "ஆமாய்யா, வள்ளம்தான். அப்பா வள்ளத்துல மீன் பிடிக்கப் போயிருக்காக" என்று நீங்கள் ஒரு வாக்கியம் கூட்டிச் சொல்ல அந்தப் படத்தில் இடம் இருக்க வேண்டும், என் கணக்கில் நல்ல புத்தகத்துக்கு முதல் அடையாளம் அதுதான். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால், உறை வைத்த பழைய போட்டோ ஆல்பத்தில் வலை, நண்டு, பனைமரம், பாம்பன் பாலம், வீட்டு ஆடு ஆகியவற்றின் படங்களைச் செருகிக் கொடுங்கள். கண்ணில் படாதவையும் இரண்டொன்று சேரட்டும். நம் கடலிலேயே கடற்புல் மேயும் கடல்பசுவை எத்தனை பிள்ளைகள் பார்த்திருக்கும்?

கேள்வி (தொண்டி): தமிழ்ப் புத்தகமா, ஆங்கிலமா? செல்போனில் காட்டலாமா?

பதில்: நீங்கள் தடங்கலின்றிக் கொஞ்சிப் பேசும் மொழியே முதலில் வேண்டும். சென்னையின் தூலிகா பதிப்பகம் இருமொழிப் படநூல்களும் வெளியிடுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே எடுக்கலாம். ஆனால் அவற்றை அச்செடுத்துக் காட்டுங்கள். ஒரு வயதுக் குழந்தைக்கும் அதற்குக் குறைந்த வயதினருக்கும் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியிருக்கிறது.

கேள்வி (தேவிபட்டினம்): எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேத்திக்கு நான் எப்படிப் புத்தகம் காட்டுவது?

பதில்: தாராளமாகக் காட்டலாம், ஆச்சி. எழுத்தே இல்லாத படக்கதைப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றில் கதை உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். பக்கத்தைப் பேத்தியே புரட்டட்டும். "இவன் எங்க போறான்?" என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும்வரை சற்றுப் பொறுத்திருங்கள். ஒரே புத்தகத்தை நாள்தோறும் கேட்டாலும் சலிக்காமல் சொல்லுங்கள். அடுத்து வருவதை முன்கூட்டியே அவள் சொல்லத் தொடங்கியதும் இன்னொரு புத்தகம் வாங்கலாம்.