பக்கத்துக்குப் பத்துச் சொல் புரியவில்லையே!

கேள்வி: ஸ்டீவன்சனின் 'ட்ரெஷர் ஐலண்ட்' நாவலை ஆங்கிலத்தில் படிக்க ஆரம்பித்தேன். பக்கத்துக்குப் பத்துத் தடவை அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கிறது, கதை நகரவே மாட்டேன் என்கிறது. கப்பல்காரர்கள் பேச்சைப் புரிந்துகொள்ள என்ன வழி?

பதில்: முதலில் அகராதியை மூடி வையுங்கள். கதை சொல்லும் ஜிம் ஹாக்கின்ஸே கடல் தெரியாத சத்திரத்துப் பையன்தான். ஆப்பிள் எடுக்கப் பீப்பாய்க்குள் இறங்கியவன், வெளியே கொள்ளையர் தலைவன் சில்வர் தன் ஆட்களிடம் பேசுவதை ஒட்டுக்கேட்கிறானே, அந்த இடத்தைப் பாருங்கள். 'ஜென்டில்மேன் ஆஃப் ஃபார்ச்சூன்' என்று அவர்கள் சொல்வது சாதாரணக் கடற்கொள்ளையனைத்தான் என்று பேச்சுப் போக்கை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறான். நீங்களும் அப்படியே படிக்கலாம். சில்வர் 'ஷிவர் மை டிம்பர்ஸ்' என்று கத்தினால் ஆச்சரியமோ எரிச்சலோ, அவ்வளவுதான்; எந்த மரக்கட்டை, ஏன் நடுங்குகிறது என்று குடைந்துகொண்டிருந்தால் இந்த ஜென்மத்தில் தீவுக்குப் போய்ச் சேர மாட்டீர்கள்.

ஆனால் சில சொற்களை அப்படித் தாண்டிவிட முடியாது, கதையே அவற்றில் தொங்குகிறது. ஜிம் இரவில் தனியாகச் சின்னப் படகில் போய் அவர்கள் வந்த ஹிஸ்பானியோலா கப்பலை நங்கூரத்திலிருந்து அறுத்துவிடும் அத்தியாயத்தில் 'ஹாஸர்' என்று வருவது நங்கூர வடம், 'எப்' என்பது கடல் வற்றும்போது வெளியே இழுக்கும் நீரோட்டம். இந்த இரண்டும் தெரிந்தால்தான் அவன் ஏன் வடத்தை ஒரே வெட்டாக வெட்டாமல் புரி புரியாக அறுக்கிறான், கடைசி இரண்டு புரியை விட்டுவிட்டு ஏன் காற்றுக்காகக் காத்துக் கிடக்கிறான் என்பது விளங்கும். நீரோட்டம் கப்பலை இழுக்க வடம் முறுக்கேறி நிற்கிறது, அந்த நிலையில் அறுத்தால் தெறித்து இவனையே படகோடு தூக்கி அடித்துவிடும். காற்று எதிர்ப்பக்கமிருந்து வந்து வடம் தளர்ந்ததும் மிச்சத்தை அறுக்கிறான்.

அப்புறம் 'ஸ்டார்போர்ட்', 'போர்ட்'. கப்பலின் முன்பக்கம் பார்த்து நின்றால் முறையே வலது, இடது. அந்தக் கால நாவல்களில் 'லார்போர்ட்' என்று வந்தாலும் இடதுதான். ஸ்டார்போர்டும் லார்போர்டும் புயலில் கத்தும்போது ஒன்றுபோலக் கேட்டுக் குழப்பியதால் பிரிட்டிஷ் கடற்படை 1844இல் லார்போர்டைக் கைவிட்டது. 'மரூன்' என்றால் ஆளில்லாத தீவில் ஒருவனை இறக்கிவிட்டுப் போய்விடுவது, தீவில் ஜிம் சந்திக்கும் பென் கன் மூன்று வருடம் அனுபவித்த தண்டனை.

கேள்வி: அதே கதையில் சில்வரின் கிளி 'பீசஸ் ஆஃப் எய்ட்' என்று ஓயாமல் கத்துகிறதே, எட்டுத் துண்டு எது?

பதில்: அது காசு. ரியால் என்பது பழைய ஸ்பானியக் காசு; எட்டு ரியால் மதிப்புள்ள வெள்ளி நாணயம், அதனால்தான் அந்த எட்டு. மெக்ஸிகோவிலும் இன்றைய பொலிவியாவிலுள்ள பொட்டோசியிலும் அச்சடித்துக் கப்பல் கப்பலாக ஸ்பெயினுக்குப் போனது, கொள்ளையர்கள் கண் அதன்மேல் விழாமல் இருக்குமா? அமெரிக்க டாலருக்கு முன்மாதிரியே இதுதான். 1857 வரை அமெரிக்காவில் சட்டப்படி செல்லுபடியாகவும் இருந்தது.

கேள்வி: 'பிளாக் ஸ்பாட்' என்று கறுப்பு வட்டமிட்ட காகிதத்தைக் கொடுத்து ஒருவனை எச்சரிக்கும் வழக்கம் நிஜமாகவே கொள்ளையரிடம் இருந்ததா?

பதில்: இல்லை, ஸ்டீவன்சன் கற்பனை. கப்பலில் ஓட்டுப்போட்டுத் தலைவனைத் தேர்ந்தெடுப்பதும் பிடிக்காவிட்டால் இறக்கிவிடுவதும் மட்டும் நிஜம். நாவலில் சில்வருக்குக் கொடுக்க வேறு காகிதம் கிடைக்காமல் பைபிளிலிருந்து ஒரு துண்டை வெட்டி விறகுச் சாம்பலால் கறுப்பாக்கிவிடுகிறார்கள்; சில்வர் அதைக் கண்டுபிடித்துவிட்டு, வெட்டியவன் கதி இனி அதோகதிதான் என்று அவர்களையே மிரட்டுகிறான் பாருங்கள், அந்தப் பக்கத்துக்கு அகராதியே வேண்டாம்.