யூ-டர்னில் "டடக் டடக்", ஈரத்தில் மஞ்சள் விளக்கு: டிஃபரன்ஷியல் போய்விட்டதா?

கேள்வியின் சுருக்கம்: பாளையங்கோட்டை. 2021 மாடல் ஸ்போர்ட்ஸ் செடான், நாலு சக்கர இழுவை, 48,000 கி.மீ. ஓடியது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பின்னால் மட்டும் இரண்டு டயர் புதிதாகப் போட்டதிலிருந்து யூ-டர்னில் பின்பக்கம் "டடக் டடக்". மழை ஈரத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் மஞ்சள் விளக்கு மினுக்குகிறது. பட்டறையில் "அண்ணாச்சி, கிரவுன் போச்சு, டிஃப் மொத்தமா மாத்தணும்" என்கிறார்கள். சரிதானா?

பதில்:

அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். சத்தம் வந்தது டயர் மாற்றிய பிறகு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதுதான் முதல் துப்பு. கிரவுன் வீலும் பினியனும் (எஞ்சின் சக்தியைச் சக்கரங்களின் பக்கம் திருப்பிவிடும் பெரிய, சிறிய பற்சக்கரங்கள்) தேய்ந்தால் நேர் ரோட்டில், 60-80 வேகத்தில், ஊளை மாதிரி ஒரு சத்தம் வரும். வளைவில் மட்டும் வந்து நிமிர்ந்ததும் நின்றுவிடுகிற தட்டலுக்குக் காரணம் வேறு. டயர், ஆயில், அப்புறம்தான் இரும்பு. இந்த வரிசையில் பாருங்கள்.

கார் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 1.55 மீட்டர் என்றால், ஒரு முழு யூ-டர்னில் வித்தியாசம் 4.9 மீட்டர் (1.55-ஐ 'பை', அதாவது 3.14-ஆல் பெருக்கினால் வரும்). வெளிச்சக்கரம் கூடுதலாக இரண்டே கால் சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுப்பதுதான் டிஃபரன்ஷியலின் வேலை. நாலு சக்கர இழுவையில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலும் இதே கதை. அங்கே பெரும்பாலும் ஒரு பிளேட் கிளட்ச் இருக்கும், கம்ப்யூட்டர் அதை இறுக்கும், தளர்த்தும்.

இப்போது உங்கள் டயர். புதிய டயரில் பள்ளம் சுமார் 8 மி.மீ. முன்னால் இருப்பது 4 மி.மீ.க்குத் தேய்ந்திருந்தால், ஆரத்தில் 4 மி.மீ. வித்தியாசம், சுற்றளவில் 25 மி.மீ. 225/45 ஆர்18 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2,070 மி.மீ. கணக்குப்படி ஒரு கிலோமீட்டருக்கு முன்சக்கரம் கிட்டத்தட்ட 6 சுற்று கூடுதலாகச் சுற்றும். இங்கிருந்து நாகர்கோவில் போய்ச் சேர்வதற்குள் 450 சுற்றுக்கு மேல். ஓடும் டயரில் உண்மையான வித்தியாசம் இதைவிடக் கொஞ்சம் குறையும், ஆனால் நேர் ரோட்டில்கூட நடு கிளட்ச் அந்த வித்தியாசத்தை வழுக்கியே கழிக்க வேண்டியிருக்கும். சூடாகும், ஆயில் கருகும், பிளேட் பிடித்துப் பிடித்து விடும். யூ-டர்னில் அது "டடக் டடக்" என்று கேட்கும். நாலு சக்கர இழுவைக் கார்களுக்குச் சில கம்பெனிகள் அனுமதிக்கும் சுற்றளவு வித்தியாசம் வெறும் 6 மி.மீ.தான். பள்ளத்தில் சொன்னால் 1 மி.மீ. இந்த வகைக் காரில் இரண்டு டயர் மட்டும் மாற்றுவது சிக்கனம் இல்லை.

அளப்பது சுலபம். காலையில், டயர் ஆறியிருக்கும்போது, நாலிலும் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் காற்றழுத்தத்தை வையுங்கள். சிமெண்ட் தரையில் டயரின் அடிப்புள்ளியிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, காரை நேராக ஒரு முழுச் சுற்று தள்ளி, மறுபடி கோடு போட்டு டேப்பால் அளக்க வேண்டும். நாலு சக்கரத்துக்கும் செய்யுங்கள். முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயர் வரும் கார்களிலும் சுற்றளவு கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும்படிதான் கம்பெனி தேர்ந்தெடுத்திருக்கும், அதனால் அகலத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வித்தியாசம் மேனுவலில் சொன்ன வரம்பைத் தாண்டினால் முன்னாலும் அதே பிராண்டு, அதே மாடல் டயரைப் போடுங்கள். பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீரும்.

மஞ்சள் விளக்கைப் பற்றி ஒன்று. அது சக்கரம் வழுக்காமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலின் விளக்கு. மினுக்கினால் சிஸ்டம் வேலை செய்கிறது என்று அர்த்தம். அணையாமல் எரிந்தால்தான் கோளாறு. சக்கர வேக சென்சார்கள் நாலும் சொல்லும் சுற்று எண்ணிக்கையை வைத்துத்தான் கம்ப்யூட்டர் வழுக்கலைக் கண்டுபிடிக்கிறது. சுற்றளவு ஏற்கெனவே மாறியிருந்தால், உண்மையில் வழுக்காதபோதும் வழுக்குவதாக எண்ணி முன்கூட்டியே குறுக்கிடலாம். டயர் சரியான பிறகும் விளக்கு தேவையில்லாமல் வந்தால் சென்சார் முனையில் ஒட்டிய செம்மண்ணையும் துருவையும் துடைத்துப் பாருங்கள். அலைன்மென்ட் செய்த உடனே வந்தால், ஸ்டியரிங் கோண சென்சாரை ஸ்கேனரில் பூஜ்யத்துக்கு வைக்க மறந்திருப்பார்கள்.

அடுத்து, உங்கள் பின் டிஃப் எந்த ரகம் என்று தெரிய வேண்டும், ஏனென்றால் ஆயில் அதைப் பொறுத்தது. சாதா டிஃப் இரு பக்கமும் சம முறுக்குவிசையே (டார்க்) கொடுக்கும். சாரல் ஈரத்தில் ஒரு சக்கரம் சகதியில் நின்று 100 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும் என்றால், தார் மேல் நிற்கும் மறு சக்கரத்துக்கும் அதே 100தான், மொத்தம் 200. எஞ்சினில் 500 இருந்தும் பிரயோஜனம் இல்லை. வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபுக்கு லிமிடெட் ஸ்லிப் (எல்.எஸ்.டி.) என்று பெயர். அதில் கியர் ரகம், அதாவது டார்சன் வகை, பிடிப்பு உள்ள பக்கத்துக்கு இரண்டரை மடங்கு வரை அனுப்பும் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 350 கிடைக்கும். ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் பூஜ்யத்தின் இரண்டரை மடங்கும் பூஜ்யம்தான். அப்போது பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அந்தரத்துச் சக்கரத்துக்கு ஒரு எதிர்ப்பு கிடைத்து மறுபக்கம் இழுக்கும். பிளேட் ரகத்தில் ஸ்பிரிங் வாஷர் எப்போதும் கொஞ்சம் அழுத்திப் பிடித்திருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. அதற்கு விலை பிளேட் தேய்மானம். மோட்டார் வைத்து இறுக்கும் எலக்ட்ரானிக் ரகமும் உள்ளே பிளேட்தான்.

கண்டுபிடிக்க, பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஸ்டாண்டில் ஏற்றி, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறு சக்கரம் அதே திசையில் வந்தால் பிளேட் ரகம். எதிர்த்திசையில் சுற்றினால் சாதா டிஃப், அல்லது டார்சன், அல்லது கரண்ட் இல்லாமல் தளர்ந்து நிற்கும் எலக்ட்ரானிக் ரகம். சேசிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட்ஸ் கவுண்டரில் கேட்பது இதைவிட நிச்சயம்.

டயர் சரியாகியும் தட்டல் நிற்கவில்லை என்றால் ஆயில். பிளேட் டிஃபில் யூ-டர்ன் தட்டலுக்கு முக்கால்வாசி காரணம் பழைய ஆயில், இல்லாவிட்டால் ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் (பிளேட் ஒட்டாமல் நகர உதவும் சேர்மானம்) சேர்க்காத ஆயில். பிளேட்கள் வழுவழுப்பாக நகராமல் ஒட்டி, விட்டு, ஒட்டி, விட்டு அதிர்கின்றன. அவ்வளவுதான். "வாழ்நாள் ஆயில், மாற்ற வேண்டாம்" என்று எந்தக் கையேடு சொன்னாலும் நம் வெயிலுக்கு அது பொருந்தாது என்பது என் கட்சி. 40,000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்றுங்கள். இருங்காட்டுக்கோட்டை, செட்டிபாளையம் டிராக்குக்குக் காரைக் கொண்டுபோகிறவர்கள் இரண்டு மூன்று டிராக் நாளுக்கு ஒரு முறை. புதிதாக பிளேட் எல்.எஸ்.டி. மாட்டியிருந்தால் முதல் 500-1,000 கி.மீ.யில் ஒன்று.

மாற்றும் முறை: 15-20 நிமிடம் ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். லிஃப்டில் ஏற்றி கார் மட்டமாக நிற்க வேண்டும். பின்பக்கம் மட்டும் ஜாக்கி வைத்தால் அளவு தப்பும். முதலில் மேலே உள்ள ஊற்றும் போல்ட்டைக் கழற்றுங்கள், அது கழன்ற பிறகுதான் கீழே வடிக்கும் போல்ட். இந்த வரிசையை மாற்றினால் ஆயிலை வடித்துவிட்டு, மேல் போல்ட் துருப்பிடித்து வராமல், அலன் கீ பள்ளமும் உருண்டு, காலி டிஃபோடு கார் லிஃப்டில் நிற்கும். வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது சகஜம். நகக்கண் அளவு செதில், ஊசி போன்ற துண்டு, பல்லின் முனை வந்தால்தான் ஹவுசிங்கைத் திறக்க வேண்டும். பட்டறைக்காரரிடம் அதைத்தான் காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் கிரவுனைப் பழிசொல்ல முடியாது.

வாஷர் இரண்டும் புதிது. பழையதை டேப் சுற்றிப் போட வேண்டாம். கிரேடு மேனுவலில் உள்ளதுதான்: பொதுவாக ஜிஎல்-5 தரத்தில் 75டபிள்யூ-90, டிராக் உபயோகத்துக்கு 75டபிள்யூ-140. டிஃப் ஒன்றுக்கு 0.8 முதல் 1.5 லிட்டர் வரை பிடிக்கும். கை பம்பில் ஊற்றி, ஊற்றும் துளை விளிம்பில் சொட்டும்போது நிறுத்துங்கள். டப்பாவில் எல்.எஸ்.டி. என்று போட்டிருந்தால் மாடிஃபையர் உள்ளேயே இருக்கும். இல்லாவிட்டால் 100-120 மி.லி. தனியாக, ஆயிலுக்கு முன்னால் ஊற்றிவிடுங்கள். "நல்லதுதானே" என்று இரண்டு டப்பா ஊற்றினால் சத்தம் போகும், கூடவே பிடிப்பும் போகும், கொடுத்த காசுக்கு சாதா டிஃப்தான் மிஞ்சும். டார்சனுக்கு மாடிஃபையரே தேவையில்லை. ஊற்றியதும் ஒரு காலி மைதானத்தில் மெதுவாக எட்டுப் போடுங்கள், எட்டுப் பத்து தடவை. அப்போதுதான் ஆயில் பிளேட்டுக்கு நடுவே போகும். அதற்குப் பிறகு கேட்கும் சத்தத்தை வைத்துத்தான் தீர்ப்பு.

டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் அச்சுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) ஆயில் வேறு. கம்பெனி சொன்ன அந்த ஒரே ஆயில்தான், கியர் ஆயில் அல்ல. மாற்றிய பின் ஸ்கேனரில் ஆயில் தேய்மானக் கணக்கை ரீசெட் செய்ய வேண்டிய மாடல்களும் உண்டு. எஞ்சினைக் குறுக்காக வைத்த கார்களில் பின் அச்சை இணைக்கும் ஹால்டெக்ஸ் கிளட்ச் என்றால், ஐந்தாம் தலைமுறையில் ஆயில் மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை. பம்பைக் கழற்றி அதன் வலையில் அடைத்திருக்கும் பிளேட் தூளைக் கழுவ வேண்டும். வலை அடைத்தால் பம்ப் அழுத்தம் தராது, ஈரத்தில் முன்சக்கரம் மட்டும் சுற்றும், பல சமயம் விளக்குகூட எரியாது.

செகண்ட் ஹேண்டில் வாங்கியதால் இன்னொன்றும் பாருங்கள். 2023 டிசம்பர் 17-18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டி, தாமிரபரணி கரை மீறி, நெல்லை, தூத்துக்குடி இரண்டும் மூழ்கின. அப்போது தண்ணீரில் நின்ற கார்கள் சுத்தம் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்திருக்கும். எஞ்சின் ஆயிலை மாற்றியிருப்பார்கள், டிஃபை யாரும் திறந்திருக்க மாட்டார்கள். டிஃபின் மேல் ஒரு சிறு மூச்சுத்துளை உண்டு. சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி அதன் வழியே தண்ணீரை உறிஞ்சும். வடிக்கும்போது ஆயில் பால் டீ நிறத்தில் வந்தால் அதுதான். மலிவான ஆயில் ஊற்றிச் சில கிலோமீட்டர் ஓட்டி வடித்து, பிறகு நல்ல ஆயில் ஊற்றுங்கள். பேரிங்கில் துருப்புள்ளி விழுந்திருந்தால் அது ஊளையாகத் தெரியவரும். மூச்சுத்துளை சேற்றால் அடைத்திருந்தால் நேர்மாறு: உள்ளே அழுத்தம் ஏறி ஆக்சில் சீல் வழியே ஆயில் கசியும். புது சீல் போட்டும் கசிகிறது என்பவர்கள் முதலில் அந்தத் துளையைக் குத்திப் பார்க்கட்டும்.

சீல் என்றதும், அறுவடைக் காலத்தில் ரோட்டில் காயப்போட்ட உளுந்துச் செடியின் மேல் ஏறி ஓட்டுவதும் ஒரு காரணம். கொடி டிரைவ் ஷாஃப்டில் சுற்றிக்கொண்டு ரப்பர் உறையையும் சீலையும் அறுக்கும். தாழ்வான கார், சூடான சைலன்சர் என்றால் தீப்பிடிக்கவும் செய்யும். இறங்கி அப்போதே பிடுங்கி எறியுங்கள். திசையன்விளைப் பக்கம் காற்று கொண்டுவந்து போடும் தேரி மணலிலும் இழுவை இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. முற்றிலும் புதைந்துவிட்டால் டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிட்டு எடுங்கள், இல்லையென்றால் அது எஞ்சின் சக்தியையே வெட்டிக்கொண்டிருக்கும். வெளியே வந்ததும் மறுபடி போட்டுவிடுங்கள்.

இனி இரும்பு. சத்தம் எஞ்சின் சுற்றோடு மாறாமல் வண்டி வேகத்தோடு மாறினால் டிஃப் பக்கம் சந்தேகம் சரி. மிதிக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் நின்றால் (அல்லது மறுதலையாக இருந்தால்) கிரவுன்-பினியன் பல் பொருத்தம். ஒரு பக்கம் வளைக்கும்போது மட்டும் உறுமினால் முதலில் சக்கர பேரிங். காலை வைத்து எடுக்கும்போது ஒரே ஒரு "டொக்" என்றால் டிஃபைத் தாங்கும் ரப்பர் புஷ் அல்லது ஷாஃப்ட் கப்லிங். வளைவில் மட்டும் தட்டி, ஆயில் மாற்றியும் நிற்காமல், காந்தத்தில் செதிலும் வந்தால் உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்கள் அல்லது தேய்ந்த பிளேட். பிளேட் செட் மட்டும் தனியாகக் கிடைத்தால் மொத்த டிஃப் எதற்கு? கிரவுன்-பினியன் ஆட்டம் பல கார்களில் 0.10-0.20 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். டயல் கேஜ் வைத்து அளந்து எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். கையால் ஆட்டிப் பார்த்து "லூசு" என்றால் ஏற்க வேண்டாம்.

பினியன் சீல் மாற்றும் யாரிடமும் ஒரு எச்சரிக்கை. நட்டுக்குப் பின்னால் நசுங்கிப் பொருந்தும் ஒரு குழல் இருக்கும், அதுதான் பேரிங் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. இம்பாக்ட் கன் வைத்து "டர்ர்" என்று இறுக்கினால் குழல் மேலும் நசுங்கி, நல்லாயிருந்த பேரிங் ஆயிரம் கிலோமீட்டரில் ஊளையிட ஆரம்பிக்கும். கழற்றும் முன் நட்டின் இடத்தை அடையாளம் வைப்பது குறைந்தபட்சம். புதுக் குழல் போட்டு, சுழற்சி இறுக்கத்தை அளந்து முடிப்பது முறை.

வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோக முடிவு செய்தால், ஓட்டியே போங்கள். இழுத்துத்தான் போக வேண்டும் என்றால் நாலு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்கள். முன்னால் மட்டும் தூக்கி, பின்சக்கரம் ரோட்டில் உருள நெல்லை வண்ணார்பேட்டையிலிருந்து தச்சநல்லூர் வரை இழுத்தாலே நடு கிளட்ச் கெடலாம்.