நான்கு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. தரவரிசைகள் ஆளுக்கொன்று சொல்கின்றன. எப்படி முடிவெடுப்பது?

கேள்வி இதுதான்: நான்கு கல்லூரிகள் இடம் தருகின்றன. ஒரு பட்டியலில் முதலில் நிற்பது இன்னொரு பட்டியலில் எங்கோ பின்னால் கிடக்கிறது. வீட்டில் அப்பா ஒரு பெயரைச் சொல்கிறார், மாமா இன்னொரு பெயரைச் சொல்கிறார். எதை நம்புவது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரிகளை ஒப்பிடுவதை நிறுத்திவிட்டு, நீங்கள் சேரப்போகும் துறைகளை ஒப்பிடுங்கள். மூன்று நான்கு ஆண்டுகள் நீங்கள் உட்காரப்போவது ஒரு துறையின் வகுப்பறையில், பாடம் கேட்கப்போவது அந்தத் துறையின் பத்துப் பதினைந்து ஆசிரியர்களிடம். மற்ற கட்டடங்களில் நடப்பதில் பெரும்பகுதி உங்களை எட்டவே எட்டாது. தரவரிசைப் பட்டியல் இந்தத் துறையைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை. ஆசிரியராகப் பல ஆண்டுகள் மாணவர்களோடு உட்கார்ந்து இந்த முடிவை எடுக்க உதவியிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பட்டியல்கள் ஏன் முரண்படுகின்றன? ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளை அளக்கிறது. உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் ஷாங்காய் தரவரிசை 2003இல் தொடங்கியது. சீனப் பல்கலைக்கழகங்கள் உலகின் முன்னணி ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று பார்ப்பதற்காக உருவானது அது. அதன் மதிப்பெண்ணில் 30 விழுக்காடு நோபல் பரிசும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமும் வாங்கிய முன்னாள் மாணவர்கள், ஆசிரியர்களுக்குப் போகிறது. இன்னொரு 20 விழுக்காடு, நேச்சர், சயின்ஸ் ஆகிய இரண்டு அறிவியல் இதழ்களில் வந்த கட்டுரைகளுக்கு. அந்த நோக்கத்துக்கு அது நியாயமான அளவுகோல். இளங்கலை முதலாண்டில் உங்களுக்கு நுண்கணிதம் புரியும்படி சொல்லித் தருவார்களா என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை.

இன்னோர் உலகத் தரவரிசையான கியூ.எஸ். பட்டியலில் நீண்ட காலமாக 40 விழுக்காடு மதிப்பெண் கல்வியாளர்களிடம் நடத்தும் கருத்துக்கணிப்பிலிருந்து வந்தது, அதாவது பெயரும் புகழும். 2023இல் வெளியான பட்டியலுக்கு அதை 30ஆகக் குறைத்தார்கள். ஆசிரியர்–மாணவர் விகிதத்துக்கு இருந்த 20 விழுக்காட்டைப் பத்தாக்கினார்கள். நிலைத்தன்மை, வேலைவாய்ப்பு, சர்வதேச ஆராய்ச்சித் தொடர்பு என்று மூன்று புதிய கூறுகளைச் சேர்த்தார்கள். அந்த ஆண்டு பல பல்கலைக்கழகங்கள் மேலே ஏறின, பல கீழே இறங்கின. அங்கே படித்துக்கொண்டிருந்த மாணவனின் வகுப்பில் ஒரு நாற்காலிகூட இடம் மாறியிருக்காது. டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் என்ற பிரிட்டிஷ் இதழின் பட்டியலும் கியூ.எஸ். பட்டியலும் 2004 முதல் 2009 வரை ஒரே பட்டியலாக வெளிவந்தவை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிந்த பிறகு ஒரே பல்கலைக்கழகத்துக்கு இரண்டு இடங்கள்.

அடுத்தது தரவு. இந்தப் பட்டியல்கள் பலவற்றுக்கும் எண்களில் ஒரு பகுதியைக் கொடுப்பது கல்லூரிகளே. நான் சில காலம் அப்படித் தரவு சேகரிக்கும் குழு ஒன்றில் இருந்தேன். படிவத்தில் ஒரு வரி: முழுநேர ஆசிரியர்கள் எத்தனை பேர்? அந்த ஒரு வரிக்கு ஒரு பிற்பகல் முழுவதும் போனது. நீண்ட விடுப்பில் இருப்பவரைச் சேர்க்கலாமா? வாரத்தில் இரண்டு நாள் வருகிறவர், ஆனால் ஒப்பந்தத்தில் 'முழுநேரம்' என்று இருக்கிறது, அவரை? ஆராய்ச்சித் திட்டத்தில் மட்டும் வேலை செய்பவர், வகுப்பே எடுப்பதில்லை, அவரை? யாரும் பொய் எழுதச் சொல்லவில்லை. ஆனால் ஐயம் வந்த ஒவ்வோர் இடத்திலும் தீர்ப்பு ஒரே பக்கமாகத்தான் சாய்ந்தது. எல்லாக் கல்லூரிகளிலும் இப்படி ஓர் அறை இருக்கும், அதில் இப்படி ஒரு பிற்பகல் நடக்கும். ஆசிரியர்–மாணவர் விகிதத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வருகிறது.

சாய்வு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பொதுவெளியில் பதிவான சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் அந்நாட்டுக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் யு.எஸ். நியூஸ் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்தது. 2022 பிப்ரவரியில் அதே பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், தன் நிறுவனம் கொடுத்த எண்களையே கேள்விக்கு உட்படுத்தி விரிவான ஆய்வு ஒன்றை வெளியிட்டார். இருபது மாணவர்களுக்கும் குறைவாக உள்ள வகுப்புகள் 82.5 விழுக்காடு என்று பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது. அவர் பாடப் பதிவேட்டை எடுத்து எண்ணியபோது 63க்கும் 67க்கும் இடையில்தான் வந்தது. தரவில் குறை இருந்ததைப் பின்னர் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டது. அந்தச் செப்டம்பரில் அதன் இடம் 18. ஏழு மாதத்தில் பதினாறு படி இறங்கும் அளவுக்கு அங்கே கற்பித்தல் கெட்டுவிட்டதா? இல்லை. இரண்டாம் இடமும் பதினெட்டாம் இடமும் மாணவரின் அன்றாடத்தைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் பட்டியலைத் தூக்கி எறிந்துவிடலாமா என்றால், வேண்டாம். முன்பின் அறியாத கல்லூரிகளின் பெயர்களைத் தெரிந்துகொள்ளவும், பெரிய இடைவெளிகளைக் காணவும் அது உதவும். எடுத்துக்கொள்ளும்போது இடத்தைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் மதிப்பெண்ணைப் பாருங்கள். நாற்பதாம் இடத்துக்கும் எழுபதாம் இடத்துக்கும் இடையே மிகச் சிறிய வேறுபாடுதான் இருக்கும் பல நேரங்களில். ஷாங்காய் பட்டியலே முதல் நூறுக்குப் பிறகு தனித்தனி இடம் கொடுப்பதில்லை; 101–150 என்று கூட்டமாகத்தான் வைக்கிறது. நீங்களும் அப்படியே கூட்டமாகப் பாருங்கள்.

பெற்றோரை மயக்குவது பெரும்பாலும் வேலைவாய்ப்பு அறிக்கைதான். அதைப் படிக்கும் விதத்தை ஒரு கணக்கால் காட்டுகிறேன். ஒரு துறையில் இறுதியாண்டு மாணவர்கள் 120 பேர் என்று வைத்துக்கொள்வோம். முப்பது பேர் மேற்படிப்புக்குப் போகிறார்கள். இருபது பேர் வளாக நேர்முகத்துக்குப் பதிவு செய்யவில்லை, அல்லது தகுதி மதிப்பெண் இல்லையென்று பதிவு செய்ய விடப்படவில்லை. மீதி 70 பேரில் 63 பேருக்கு வேலை கிடைக்கிறது. அறிக்கையில் 'தொண்ணூறு விழுக்காடு' என்று அச்சாகும், அதில் பொய்யும் இல்லை. மொத்தத்தில் பார்த்தால் 120க்கு 63, பாதிக்குச் சற்று மேல். மேற்படிப்புக்குப் போனவர்களைச் சேர்த்துக்கொண்டாலும் 93. விடுபட்ட அந்த இருபத்தேழு பேர் யார், ஏன் விடுபட்டார்கள் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, ஏனென்றால் நாளை அந்த இருபத்தேழில் நீங்களும் ஒருவராக இருக்கலாம்.

சம்பளத்திலும் இதே கதை. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஆண்டுக்கு 4 லட்சம், ஒருவருக்கு 64 லட்சம் என்றால் சராசரி 10 லட்சம். அந்தப் பத்து லட்சத்தை வாங்குகிறவர் அங்கே ஒருவருமில்லை. இடைநிலை மதிப்பைக் கேளுங்கள், அதாவது எல்லாச் சம்பளங்களையும் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பது எவ்வளவு என்று. அதைத் துறைவாரியாகக் கேளுங்கள். தர மறுக்கும் கல்லூரியின் 'அதிகபட்ச ஊதியம்' பற்றிய சுவரொட்டியைக் கண்டுகொள்ள வேண்டாம்.

துறைவாரியாக என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1973இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் முதுநிலைச் சேர்க்கையில் ஆண் விண்ணப்பதாரர்களில் ஏறக்குறைய 44 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 35 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது. வெளிப்படையான பாகுபாடு போலத் தெரிந்தது. துறை துறையாகப் பிரித்துப் பார்த்தபோது பெரும்பாலான துறைகளில் அந்த வேறுபாடே இல்லை. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். மொத்த எண் ஒன்றைச் சொல்லும், துறை எண்கள் வேறொன்றைச் சொல்லும். கல்லூரியின் வேலைவாய்ப்பு விழுக்காடும் தேர்ச்சி விழுக்காடும் இப்படித்தான்.

'பெயர் பெற்ற கல்லூரியில் படித்தால் வாழ்க்கை முழுவதும் கைகொடுக்கும்' என்று உங்கள் மாமா சொல்வதையும் மதித்தே பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2002இல் இதைச் சோதித்தார்கள். மிகத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் கல்லூரிகளில் இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்களை, அங்கேயே போனவர்களோடு ஒப்பிட்டார்கள். பிற்காலச் சம்பாத்தியத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் வருமானம் குறைந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்களுக்குப் பெரிய கல்லூரி கூடுதல் பலன் தந்தது. ஆகவே உங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நீங்கள் என்றால், நல்ல வேலைகளில் இருக்கும் முன்னாள் மாணவர்களின் தொடர்புக்கு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் எடை கொடுங்கள். மாமா சொல்வதில் உங்களுக்குப் பொருந்தும் பகுதி அது.

இனி செய்முறை. முதலில் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடுங்கள். பட்டத்துக்குச் சட்டப்படி அங்கீகாரம் இல்லையா, வேண்டாம். எல்லா ஆண்டுகளுக்கும் விடுதி, தேர்வுக் கட்டணம் உட்பட மொத்தச் செலவு குடும்பத்தின் கழுத்தை நெரிக்குமா, வேண்டாம். நீங்கள் விரும்பும் விருப்பப் பாடம் கையேட்டில் மட்டும் இருந்து சில ஆண்டுகளாக நடத்தப்படவே இல்லையா, அதுவும் வேண்டாம். இப்படிச் சலித்தெடுப்பதிலேயே நான்கு இரண்டாகிவிடுவது வழக்கம்.

மிஞ்சியவற்றை இரண்டிரண்டாக ஒப்பிடுங்கள். அமெரிக்க அரசியல் தலைவரும் அறிவியலாளருமான பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் 1772இல் தன் நண்பர் ஜோசஃப் ப்ரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வழி சொன்னார். தாளை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் சாதகங்களையும் மறுபக்கம் பாதகங்களையும் சில நாட்கள் விட்டு விட்டு எழுத வேண்டும், பிறகு இரு பக்கத்திலும் சம எடையுள்ளவற்றை அடித்துக்கொண்டே வர வேண்டும். இரண்டு கல்லூரிகளை வைத்து இதைச் செய்தால், இரண்டிலும் பொதுவாக இருக்கும் நூலகம், இணைய வசதி, விளையாட்டுத் திடல் எல்லாம் அடிபட்டுப் போய், உண்மையான வேறுபாடுகள் மூன்று நான்கு மட்டும் நிற்கும். மதிப்பெண் போட்டுக் கூட்டும் அட்டவணையை நான் பரிந்துரைப்பதில்லை. மனத்துக்குப் பிடித்த கல்லூரி ஜெயிக்கும்வரை கை தானாகவே எடைகளை மாற்றிக்கொண்டிருக்கும். மூன்று கல்லூரிகள் மிஞ்சி, முதலாவது இரண்டாவதைவிடவும், இரண்டாவது மூன்றாவதைவிடவும், மூன்றாவது முதலாவதைவிடவும் நல்லதாகத் தெரிந்தால் குழம்ப வேண்டாம். ஒப்பீட்டுக்கு ஒப்பீடு நீங்கள் வேறு அளவுகோலை எடுத்திருக்கிறீர்கள். எது என்று கண்டுபிடித்து, எல்லாவற்றுக்கும் அதையே வையுங்கள்.

கடைசியில் மிஞ்சும் வேறுபாடுகளில் என் கண்ணில் முதலிடம் ஆசிரியர்களுக்குத்தான். இதை வெளியிலிருந்தே ஓரளவு பார்க்க முடியும். துறையின் இணையப் பக்கத்தில் இருக்கும் ஆசிரியர் பெயர்களைக் குறித்துக்கொண்டு, பழைய கையேட்டிலோ ஆண்டு மலரிலோ உள்ள பெயர்களோடு ஒப்பிடுங்கள். பாதிப் பேர் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாறியிருந்தால் அந்தத் துறையில் ஏதோ சரியில்லை. சென்ற ஆண்டின் உள்தேர்வு வினாத்தாள் ஒன்றை வாங்கிப் படியுங்கள். 'வரையறு', 'விளக்குக', 'பட்டியலிடுக' என்றே போகிறதா, அல்லது மாணவனை உட்கார்ந்து யோசிக்க வைக்கும் ஒரு கேள்வியாவது இருக்கிறதா? துறை மாணவனிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பதை அந்தத் தாள் சொல்லிவிடும்.

பிறகு மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள், கல்லூரியே அறிமுகப்படுத்தும் மாணவர்களைத் தவிர்த்து. 'கல்லூரி நல்லா இருக்கா' என்று கேட்டால் யாரும் தன் கல்லூரியை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். போன வாரம் கால அட்டவணையில் இருந்த வகுப்புகளில் எத்தனை நடந்தன என்று கேளுங்கள். ஆய்வகத்தில் ஒரு கருவிக்கு எத்தனை பேர், நீங்களே இயக்கினீர்களா, பார்த்துக்கொண்டு நின்றீர்களா? பாடம் புரியாவிட்டால் எந்த ஆசிரியரின் அறைக்குப் போவீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு பெயர் சட்டென்று வந்து, அதோடு 'சார் மாலையில் இருப்பார்' என்று சேர்ந்து வந்தால், நான் அந்தத் துறைக்கே வாக்களிப்பேன், பட்டியலில் அது முப்பது இடம் பின்னால் இருந்தாலும்.

நாள் குறைவாக இருக்கும், தெரியும். இன்றே நான்கு துறைகளுக்கும் ஒரே கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள்: துறைவாரி வேலைவாய்ப்பு விவரம், கடந்த மூன்று ஆண்டுகளில் நடத்தப்பட்ட விருப்பப் பாடங்கள், எல்லா ஆண்டுகளுக்குமான மொத்தக் கட்டணம், ஒரு நாள் வகுப்பில் வந்து உட்கார அனுமதி. எவ்வளவு நாளில் யார் பதில் எழுதுகிறார்கள், துறைத் தலைவரா அல்லது விளம்பரப் பிரிவா என்பதையும் உங்கள் தாளில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வந்த பதில்களை இங்கே கருத்துப் பகுதியில் இட்டால், நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.