தண்ணீர் கேள்விகள்: மூடிய குப்பைமேட்டுக்குப் பக்கத்து வீடுகள்

பூட்டப்பட்ட குப்பைக் கிடங்குகளின் அருகில் வசிப்பவர்கள் எழுதலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, அரசுத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலராக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார் பதில் தருகிறார்.

கேள்வி: எங்கள் ஊர்க் குப்பைக் கிடங்கைப் பூட்டிச் சில வருடங்கள் ஆகின்றன. மேலே மண் கொட்டி, புல்லும் முளைத்துவிட்டது. ஆனால் போர் தண்ணீர் முன்பைவிட மோசம். வாளியில் பிடிக்கும்போது தெளிவாக இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் பழுப்பாகி, அடியில் படிகிறது. லாரியே வராதபோது இது எப்படி?

லாரி நின்றுவிட்டது, மழை நிற்கவில்லையே. காபி ஃபில்டரில் பொடி போடுவதை நிறுத்திவிட்டு வெந்நீரை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் டிகாக்‌ஷன் இறங்காதா என்ன? ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையும் பெய்வது அந்த மேட்டுக்குள் இறங்கி, கரைவதையெல்லாம் கரைத்துக்கொண்டு கீழே போகிறது. முறைப்படி கட்டிய கிடங்கு என்றால் அடியில் களிமண் படுகையும் அதன்மேல் கனமான பிளாஸ்டிக் விரிப்பும் இருக்கும். நம் ஊர்களின் பழைய மேடுகள் பெரும்பாலும் ஏரிப் புறம்போக்கிலோ சதுப்பிலோ கைவிட்ட குவாரியிலோ அப்படியே கொட்டியவை. அடியில் ஒன்றும் கிடையாது. மேலே போட்ட மண்ணும் சரியாக இறுக்கப்படாவிட்டால் பார்வைக்குத்தான் மூடி.

வாளி விஷயத்துக்கு வருகிறேன். நல்ல கவனிப்பு. குப்பைச் சாற்றில் இருக்கும் அழுகல் பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் நிலத்தடி நீரில் உள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். ஆக்சிஜன் போன பிறகு, மண்ணிலேயே காலங்காலமாக ஒட்டிக் கிடந்த இரும்பும் மாங்கனீசும் கரைய ஆரம்பிக்கும். கரைந்த நிலையில் இரும்புக்கு நிறமில்லை, அதனால் தண்ணீர் தெளிவாக வருகிறது. காற்றுப் பட்டதும் மறுபடி கெட்டியாகிப் பழுப்பாகப் படிகிறது. அந்த இரும்பில் பெரும்பகுதி குப்பையிலிருந்து வந்திருக்க வேண்டியதுகூட இல்லை. உங்கள் காலடி மண்ணின் சொந்த இரும்பு.

ஆனால் இதை மட்டும் வைத்துக் குப்பைமேட்டின்மீது பழி போடாதீர்கள். குப்பையே இல்லாத ஊரிலும் இரும்புத் தண்ணீர் வரும், துருப்பிடித்த கேசிங் குழாயாலும் வரும். கூடவே அம்மோனியாவும் குளோரைடும் ஏறியிருந்தால்தான் சந்தேகம் உறுதிப்படும்.

கேள்வி: பரிசோதனைக்குக் கொடுத்தோம். நைட்ரேட் வரம்பான 45 மில்லிகிராமுக்கு ரொம்பக் கீழே, ஈயமும் அளவுக்குள் என்று வந்தது. அப்படியானால் தண்ணீர் நல்லதுதானே?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் என்று தோன்றுகிறது. சர்வீஸில் இருந்த காலமெல்லாம் இதே ஏமாற்றத்தைப் பார்த்திருக்கிறேன்.

குப்பையில் உள்ள சாப்பாடு, இறைச்சி, இலைதழை எல்லாவற்றிலும் நைட்ரஜன் உண்டு. அது அழுகும்போது அம்மோனியாவாகிறது. அம்மோனியா நைட்ரேட்டாக மாற ஆக்சிஜன் வேண்டும், அதுதான் அங்கே இல்லையே! ஏற்கெனவே இருந்த நைட்ரேட்டையும் நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். ஆகவே பழைய குப்பைமேட்டின் பக்கத்தில் நைட்ரேட் குறைவாக வந்தால் நான் நிம்மதி அடைய மாட்டேன். அம்மோனியா பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 அதற்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். அழுகல் அடங்கிய பிறகும் பல பத்தாண்டுகள் விடாமல் கசிவது அதுதான்.

ஈயமும் அப்படித்தான். குப்பைமேடு என்றாலே பாதரசம், ஈயம் என்று பயப்படுகிறார்கள். வீட்டுக் குப்பை மட்டும் போன மேட்டில், வயதாக ஆக, உலோகங்கள் சல்பைடாகி உள்ளேயே தங்கிவிடுவதுதான் வழக்கம். வெளியே அதிகம் வருவது உப்புகள், அம்மோனியா, கரிமப் பொருள்கள். பட்டறைக் கழிவும் பேட்டரியும் சாயக்கழிவும் சேர்ந்து போன மேடென்றால் கதை வேறு. உங்கள் ஊரில் என்ன கொட்டினார்கள் என்று பழைய லாரி டிரைவர்களைக் கேளுங்கள், எந்தப் பதிவேட்டையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த முறை கேட்க வேண்டியவை: அம்மோனியா, குளோரைடு, மொத்தக் கரைந்த உப்பு, இரும்பு, மாங்கனீசு, சி.ஓ.டி. (கரிம அழுக்கு எவ்வளவு என்று காட்டும் சோதனை). மாதிரி எடுக்குமுன் மோட்டாரைப் பத்து நிமிடமாவது ஓடவிட்டு, அதே தண்ணீரால் கேனை மூன்று முறை அலசி, காற்று இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, அன்றே கொண்டு போய்க் கொடுங்கள். மாவட்டத் தலைநகரங்களில் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடங்கள் உண்டு, கட்டணம் கட்டினால் பொதுமக்களுக்கும் செய்து தருவார்கள். ஊறுகாய் ஜாடியிலும் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலும் கொண்டுவந்து தராதீர்கள். தண்ணீருக்குப் பதில் ஊறுகாயைப் பரிசோதிக்க நேரும்.

கேள்வி: காய்ச்சிக் குடிக்கிறோம் அம்மா, போதாதா?

கிருமி சாகும். உப்பு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. பெரும்பாலான உப்பை எடுக்கும், ஆனால் சிறிய, ஆவியாகும் கரிமப் பொருள்களை முழுதாக நிறுத்தும் என்று நம்ப வேண்டாம். பேனா மாதிரி விற்கும் டி.டி.எஸ். மீட்டரும் உப்பைத் தவிர வேறெதையும் காட்டாது. அந்த போரைத் துணி துவைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் தேடுங்கள். கீரைப் பாத்திக்கும் விடாதீர்கள்.

கேள்வி: சென்னையில் பெருங்குடிக் குப்பைமேட்டைத் தோண்டிப் பிரித்து எடுத்துவருகிறார்கள். மலை போய்விட்டால் அதை ஒட்டிய பள்ளிக்கரணைச் சதுப்பின் தண்ணீர் தானாகச் சரியாகிவிடுமா?

தானாக, சீக்கிரமாக, இரண்டும் இல்லை. பயோமைனிங் நல்ல வேலை, நான் அதை ஆதரிப்பவள்தான். பழைய குப்பையைக் கிளறிக் காயவிட்டு, சல்லடை டிரம்மில் சலித்து, மண்ணையும் கல்லையும் பிளாஸ்டிக்கையும் பிரிக்கிறார்கள். எரியக்கூடியது சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. மூலத்தையே எடுக்கிறோம் என்பதில் சந்தேகமில்லை. 2022 ஏப்ரலில் அங்கே பற்றி நாள்கணக்கில் புகைந்த தீயை நினைத்தால், அந்த மேடு போவதே பெரிய நிம்மதி.

ஆனால் இத்தனை வருடம் இறங்கிய சாறு மேட்டோடு சேர்ந்து எழுந்து வராது. களிமண்ணில் ஒட்டிக்கொண்ட அம்மோனியா மெல்ல மெல்ல விடுபடும். போதாக்குறைக்கு அது சதுப்பு. தென்சென்னையின் மழைநீர் அங்கே தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் அங்கிருந்து கடலுக்கும் போகிறது. அதே 2022-ல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடத்துக்குள் குப்பைமேடு எப்படி வந்தது என்று எரிச்சல்படுவதோடு நிற்காமல், மேடு எடுத்த இடத்தின் அடிமண்ணையும் நிலத்தடி நீரையும் யார், எத்தனை வருடம் சோதிப்பார்கள் என்று கேளுங்கள். சலித்த மண்ணை எங்கே நிரப்புகிறார்கள் என்பதையும். அதைச் சோதிக்காமல் வீட்டு மனைக்கோ தோட்டத்துக்கோ கொட்டினால் குப்பைமேட்டைத் தவணை முறையில் இடம் மாற்றியதாகத்தான் அர்த்தம்.

கேள்வி: மூடிய கிடங்கை ஒட்டி மனை மலிவாக வருகிறது. தண்ணீரை விலைக்கு வாங்கிக்கொள்கிறோம். வேறு ஆபத்து உண்டா?

உண்டு, வாயு. ஆக்சிஜன் இல்லாமல் அழுகும் குப்பையிலிருந்து வருவதில் பாதிக்குப் பாதி மீத்தேன். காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு பொறி போதும்.

இங்கிலாந்தில் டெர்பிஷயர் பகுதியில் லாஸ்கோ என்று ஒரு ஊர். பழைய செங்கல் சூளைக் களிமண் குழியில் வீட்டுக் குப்பை கொட்டி 1982-ல் நிறுத்திவிட்டார்கள். 1986 மார்ச் 24 காலையில், கிடங்குக்கு வெளியே இருந்த ஒரு வீடு வெடித்துத் தரைமட்டமானது. உள்ளே இருந்த மூவரும் காயங்களோடு தப்பினார்கள். வாயு பாறை இடுக்குகள் வழியாக நகர்ந்து வீட்டின் தரைக்கடியில் சேர்ந்திருந்தது. முந்தைய சில மணி நேரத்தில் காற்றழுத்தம் மளமளவென்று இறங்கியதால், நிலத்துக்குள் இருந்த வாயு மேலே இழுக்கப்பட்டது. நம் கடற்கரையில் புயல் சின்னம் நெருங்கும்போதும் அழுத்தம் அப்படித்தான் இறங்கும்.

2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், மூடிய கிடங்கை 15 வருடம் கண்காணித்த பிறகே, அதுவும் வாயு, சாறு, மண் உறுதி மூன்றும் சரியாக இருந்தால்தான், குடியிருப்புக்குப் பரிசீலிக்கலாம் என்றன. மனைத் தரகர் எல்லையைக் காட்டினால் நம்பிவிடாதீர்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் படத்தை ஓட்டிப் பாருங்கள், மேடு எதுவரை பரவியிருந்தது என்று தெரிந்துவிடும். உங்கள் மனை அதற்குள் விழுந்தால் வாங்காதீர்கள். வெளியே என்றாலும், செப்டிக் டேங்க், சம்ப், லிஃப்ட் குழி எதையும் மீத்தேன் அளக்காமல் திறந்து இறங்க விடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் இருபது வருடமாகக் குடிக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை. ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

ஆகாமல் இருக்கட்டும். மேட்டிலிருந்து தண்ணீர் ஓடும் திசைக்கு எதிர்ப்பக்கம் உங்கள் கிணறு இருந்தால் ஒன்றுமே ஆகாமலும் போகலாம். ஒரு தடவை அம்மோனியா பார்த்துவிட்டால் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை.

கேள்வி: நகராட்சியில் கேட்டால், “மூடியாச்சு, ஃபைல் முடிஞ்சது” என்கிறார்கள். என்ன செய்வது?

மேலே சொன்ன 2016 விதிகளில், கிடங்கின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரைக் கோடை, மழைக்காலம், மழைக்குப் பின் என்று பருவந்தோறும் சோதிக்க வேண்டும் என்று இருந்தது. கோபமாக மனு எழுதாமல், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: “இன்ன கிடங்கைச் சுற்றியுள்ள கண்காணிப்புக் கிணறுகளின் இடமும், மூடிய நாள் முதல் இன்றுவரை ஒவ்வொரு பருவத்திலும் எடுத்த பரிசோதனை அறிக்கைகளின் நகலும் வேண்டும்.” ஒரு பிரதி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் தனி மனுவாகப் போகட்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். கிணறே தோண்டவில்லை என்று வந்தாலும் அது எழுத்தில் வந்த பதில், பத்திரப்படுத்துங்கள். எண்களோடு வந்தால் நகலை இதழ் முகவரிக்கு அனுப்புங்கள், வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன்.